பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்த லைன் கிளியர்

தம்பிகளே, மின்கம்பம் ஏறுவது எப்படி, இடுப்புக் கயிறு கட்டுவது எப்படி, கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பது எப்படி என்பதையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையே நானும் ஆரம்பித்தால் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு போனை நோண்டுவீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பெரியவர்கள் பேச எழுந்தாலே டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் நானும். அதனால் வேலையைப் பற்றி எழுதவில்லை. வேலை முடிந்த பிறகு வருகிற நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். நம் தொழிலில் ஆள் சாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

லைன் கிளியர் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டாம். ஆனாலும் இந்தத் தாள் வீட்டில் வேறு யார் கையிலாவது சிக்கும், அவர்களுக்காக நாலு வரி. கம்பியில் கை வைக்கும் முன் நம்மில் ஒருவர் சப் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, தன் பெயரைச் சொல்லி, லைனை நிறுத்தித் தரச் சொல்கிறார். ஆபரேட்டர் நிறுத்துகிறார். வேலை முடிந்ததும், ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், இனிமேல் மின்சாரம் விடலாம் என்று அதே ஆள் அதே குரலில் சொல்ல வேண்டும். வாங்கியவர்தான் திருப்பித் தர வேண்டும். பக்கத்தில் நிற்பவர் தர முடியாது, உறவுக்காரர் தர முடியாது, அவசரப்படுகிற அதிகாரி தர முடியாது. அந்த ஒரு குரலை நம்பித்தான் நம் வீட்டுப் பெண்கள் நமக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு போர்மேன் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே அது பிடிக்காது. சிரித்துப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் செருப்பைக் கம்பத்தடியில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவோம். வேலை முடிந்ததும் அவர் ஆட்களை எண்ண மாட்டார். தரையைப் பார்ப்பார். செருப்பு ஏதாவது கிடந்தால் போனைத் தொட மாட்டார்.

ஒருநாள் வடக்கனந்தல் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் வேலை முடிந்தது. எல்லாரும் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறோம். கம்பத்தடியில் இன்னும் ஒரு ஜோடி கிடக்கிறது, வார் அறுந்த ரப்பர் செருப்பு. யாருடையது என்று கேட்டார், எங்களுடையது இல்லை என்றோம். அவர் ஒவ்வொரு கம்பமாக நடந்து பார்க்கக் கிளம்பிவிட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் பார்த்தால், வழியில் போன யாரோ அறுந்து போனதென்று வீசிவிட்டுப் போன செருப்பு. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சிரிங்கடா. சிரிக்கறதுக்கு எல்லாரும் இருக்கீங்க இல்ல."

அதன் பிறகு வெகுகாலம் எனக்கு அந்தப் பேச்சு ஞாபகத்துக்கு வரவில்லை. வந்த நாளைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, கல்வராயன் மலையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தேன். எங்களுக்கு உதவிப் பொறியாளராக ஒரு தென்மாவட்டத்துக்காரர் வந்திருந்தார். நாங்கள் சார் என்போம், அவர் வயதைப் பார்த்து என்னை அண்ணாச்சி என்பார். சின்ன வயது. வேலை தெரிந்தவர், ஆனால் எல்லாவற்றையும் தானே செய்துவிட வேண்டும் என்கிற ரகம். மனைவி கைக்குழந்தையோடு சேலத்தில் இருந்தார். குழந்தைக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலம் என்று எல்லாருக்கும் லீவை நிறுத்தி வைத்திருந்தார்கள், அவர் கேட்டுக் கேட்டுக் கிடைக்கவில்லை. இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நாங்கள் அதை அவருடைய வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டோம்.

புயல் மழை ஓய்ந்த மறுநாள். மலை முழுக்க இருட்டு. அடிவாரத்திலிருந்து வருகிற பாதையில் மரங்கள் சாய்ந்து கிடந்தன. நாங்கள் பைக்கைத் தள்ளியும் தூக்கியும் மேலே வந்து சேர்ந்தோம். சாரும் நானும் போக இன்னும் இரண்டு பேர். வயர்மேன் ஏழுமலை, வேலையில் புலி, வாய் மட்டும் ஜாஸ்தி. கேங்மேன் காசி, வாயே கிடையாது. கம்பியின் மேல் ஒரு மூங்கில் புதர் அப்படியே படுத்திருந்த இடத்தில் வேலை. சார் தன் பெயரிலேயே லைன் கிளியர் வாங்கினார். என் பெயரில் வாங்குகிறேன் என்றேன், நானே வாங்கிக்கொள்கிறேன் அண்ணாச்சி என்றுவிட்டார்.

மூங்கிலில் பாதி வெட்டியபோது, நீங்கள் இதை முடியுங்கள், நான் அடுத்த பள்ளம் வரைக்கும் லைனைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். அப்போது மத்தியானம் ஆகவில்லை. நாங்கள் வெட்டி முடித்தோம், கம்பியை இழுத்துக் கட்டினோம், எர்த் ராடைக் கழற்றினோம். எர்த் ராடு என்பது கம்பியையும் தரையையும் சேர்த்துக் கட்டுகிற கழி. அது மாட்டியிருக்கும் வரை யார் மின்சாரம் விட்டாலும் லைன் டிரிப் ஆகி உடனே நின்றுவிடும். எல்லாம் முடிந்து சோற்றையும் தின்று முடித்தோம். சார் வரவில்லை.

மலையில் டவர் கிடைக்கிற பாறை ஒன்று இருக்கிறது. அங்கே ஏறிப் போன் போட்டுப் பார்த்தேன். அவருடைய போன் அணைந்திருந்தது. கூப்பிட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தோம், பதில் இல்லை. ஓடையில் வழுக்கி விழுந்திருக்கலாம். பாம்பு கடித்திருக்கலாம். எல்லாவற்றையும் தானே செய்கிற மனிதர், தனியாக ஏதாவது கம்பத்தில் ஏறியிருக்கலாம். திரும்பி வந்து, கழற்றிய எர்த் ராடை மறுபடி மாட்டச் சொன்னேன். வேலை முடிஞ்ச லைனுக்கு எர்த்து எதுக்குண்ணே என்று ஏழுமலை முணுமுணுத்தான். மாட்டினான்.

நான் மறுபடி பாறைக்குப் போனபோது ஒரு பெண் சேறு அப்பிய காலோடு மேலே ஏறி வந்தார். பெயர் அலமேலு. பக்கத்துச் சிற்றூர். அவர் அப்பா வருஷக்கணக்கில் கல்குவாரியில் உழைத்து நெஞ்சு கெட்டுப் போனவர். காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு அதில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் போனதிலிருந்து சிலிண்டரில் ஓடுகிறது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள், பாதை அடைத்துக் கிடப்பதால் அது மலையைச் சுற்றிக்கொண்டு வருகிறதாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் நடுவில் ஓடை நிரம்பி ஓடுகிறது.

"சிலிண்டரு காலியாவப் போவுதுங்க. கொஞ்ச நேரம் கரண்டு உட்டீங்கன்னா போதும். அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கினு இருக்குதுங்க."

எங்கள் அதிகாரியைக் காணவில்லை, அவர் வராமல் விட முடியாது என்று சொன்னேன். அவர் எப்படி இருப்பார் என்று கேட்டார். மஞ்சள் தொப்பி, கண்ணாடி என்றேன். உடனே சொன்னார்: "அந்த சாரா? அவரு கெழங்கு லாரில ஏறி அந்தாண்டப் பக்கம் போய்ட்டாரே. நானே பாத்தன்."

மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிற லாரி. மலையின் மறுபக்கம் கருமந்துறை வழியாக ஆத்தூருக்கு இறங்குகிறது. அந்தப் பாதை திறந்திருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தன் பெயரில் மலையையே நிறுத்தி வைத்துவிட்டு, அந்த மனிதர் லாரி ஏறிப் போயிருக்கிறார். ஏழுமலையிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த கொடுவாளைத் தரையில் வீசினான். நாம இங்க பொணமா ஆயிட்டாரோன்னு தேடிக்கினு இருக்கோம், அவரு ஜாலியா லாரில போறாரு என்று ஆரம்பித்து, அச்சில் போட முடியாத வார்த்தைகளில் முடித்தான். எனக்கும் கோபம்தான். ஆனால் கோபத்துக்கு அடியில், அவர் உயிரோடு இருக்கிறார் என்கிற நிம்மதியும் இருந்தது. தம்பிகளே, அந்த நிம்மதியிடம் எச்சரிக்கையாக இருங்கள். தேடிய ஆள் கிடைத்துவிட்டால் தேடல் முடிந்துவிட்டது என்று உடம்பு உட்கார்ந்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் பாறையில் என் போன் அடித்தது. சப் ஸ்டேஷனில் அன்றைக்கு ஆபரேட்டர் கலைச்செல்வி. வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாத பெண்.

"அண்ணே, சார் பேசினாரு. லைன் கிளியர் ரிட்டர்ன் குடுத்துட்டாரு. எல்லாரும் எறங்கிட்டாங்க, லைனை சார்ஜ் பண்ணிக்கோங்கன்னாரு."

"அவரேதான் பேசினாரா?"

"அவரு வாய்ஸ்தான்ணே, நல்லாத் தெரியும். ஆனா பின்னாடி பஸ் ஸ்டாண்டு சத்தம். ஒரு கண்டக்டரு சேலம் சேலம்னு கூவிக்கினு இருந்தாரு. எனக்கு மனசு ஒப்பல, அதான் உங்களைக் கேக்கறேன்."

யாரோ ஒரு கடைக்காரரின் போனிலிருந்து சார் பேசியிருக்கிறார். கலைச்செல்வி அதே நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தாளு பஸ் ஏறிட்டாரும்மா என்று பதில் வந்திருக்கிறது.

இப்போது நிலைமையைப் பாருங்கள். வாங்கியவர் திருப்பித் தந்துவிட்டார். அதே பெயர், அதே குரல். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. எங்கள் வேலை உண்மையிலேயே முடிந்துவிட்டது, நாங்கள் மூன்று பேரும் தரையில் நிற்கிறோம். எனக்கு எதிரே ஒரு பெண் நின்றுகொண்டு, நான் போனில் என்ன பேசுகிறேன் என்று என் வாயையே பார்க்கிறார். நான் சரி என்ற ஒரு சொல்லைச் சொன்னால் அவருடைய அப்பாவுக்கு மூச்சு வரும்.

அந்தச் சொல் என் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அப்போது தெரியாத்தனமாக என் கண் தரைக்குப் போனது. பாறை ஏறுவதற்காக அலமேலு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் போர்மேன் ஞாபகம் வந்தது. எங்களை விட்டுப் போனதற்கும் லாரி ஏறியதற்கும் நடுவில் இந்த மனிதர் அந்தப் பள்ளத்தில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் எங்கே இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. என்ன விட்டுவிட்டுப் போனார் என்பது தெரியவில்லை.

கலைச்செல்வியிடம், என் குரல் வருகிற வரைக்கும் விடாதே என்றேன். மேலதிகாரி இன்னொரு போனில் கத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அவரோடு நானும் பேசினேன். ஓடிப்போனவன் ரிட்டர்ன் கொடுத்துவிட்டான், இனி உனக்கு என்னய்யா வந்தது, மலையிலிருந்து எனக்கு எத்தனை போன் வருகிறது தெரியுமா என்றார். லைனை ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார் என்றேன். எவ்வளவு நேரம் ஆகும் என்றார். தெரியாது என்றேன். அதற்கு வந்த பதிலை எழுத வேண்டாம். எர்த் மாட்டியிருக்கிறது சார், இப்போது விட்டால் டிரிப் ஆகிவிடும் என்றேன். அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஏழுமலை மாட்டிய கழிதான் அன்றைக்கு என் பக்கம் பேசியது.

அலமேலுவிடம் என்ன சொல்வது? லைனில் யாராவது இருக்கலாம் என்றேன். யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். இருக்கிறார்களா என்று கேட்டார். அதுவும் தெரியாது என்றேன். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. வெறும் காலோடு திரும்பி வீட்டைப் பார்த்து ஓடினார். செருப்பு பாறையோரத்திலேயே கிடந்தது.

காசியை எர்த் ராடு பக்கத்தில் உட்கார வைத்தேன். யார் வந்து சொன்னாலும் கழற்றாதே, நான் வந்து என் கையால் கழற்றுவேன் என்றேன். ஏழுமலையை அழைத்துக்கொண்டு சார் போன வழியில் நடந்தேன். அவன் வழி நெடுக என்னோடு மல்லுக்கு நின்றான்.

"வாங்கனவரே திருப்பிக் குடுத்துட்டாரு. இன்னும் இன்னாத்துக்குண்ணே? அங்க ஒரு பெருசு மூச்சு வாங்கிக்கினு கெடக்குது. ஆளே இல்லாத லைன்ல நாம ஆளத் தேடிக்கினு இருக்கோம்."

அவன் சொன்னது தப்பில்லை. ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று, கீழே பார்த்து, மேலே பார்த்து, அடுத்ததுக்கு நடந்தேன். சேறு முழங்கால் வரை வாங்கியது. ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது, இந்தக் கம்பத்தோடு போதும், திரும்பிவிடலாம் என்று எனக்கே தோன்றியது. அலமேலுவின் முகம் கண்ணிலேயே நின்றது. அடுத்த கம்பம், அதற்கடுத்த கம்பம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டுதான் நடந்தேன்.

பள்ளத்தின் அடியில், லைனை ஒட்டி ஒரு பெரிய கடுக்காய் மரம். அதனடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. ஒன்றின் வார் அறுந்து, கட்டுக்கம்பியால் முடிந்திருந்தது. வீசியது இல்லை. ஒன்றை ஒட்டி ஒன்று, ஒழுங்காகக் கழற்றி வைத்தது.

நான் மேலே பார்ப்பதற்குள் மேலிருந்து குரல் வந்தது.

"யாரு? சார் வரலியா?"

வெள்ளையன். கொடி வெட்ட, கிளை கழிக்க, அவ்வப்போது கூலிக்குக் கூப்பிடுகிற மலைவாசி ஆள். மழையில் நனைந்து வழுக்குகிற கிளையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். விழுந்துவிடாமல் இருக்க ஒரு கையால் பக்கத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பிடித்திருந்தது லைன் கம்பி.

"கொடி எல்லாம் அப்பவே அறுத்துட்டங்க. லைன் ஆப்புலதான் கீது, பயப்படாத, நான் வந்து சொல்ற வரைக்கும் எறங்காதன்னு சாரு சொன்னாரு. அதான் கம்பியப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருக்கன்."

ஏழுமலை பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தான். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு வாந்தி எடுத்தான். கம்பியை விட்டுவிட்டுக் கிளையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வாருங்கள் என்றேன். வெள்ளையன் இறங்கி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, என்ன ஆச்சு, ஏன் இந்தத் தம்பிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். விட மனசில்லை.

திரும்பி வந்து எர்த் ராடை என் கையால் கழற்றினேன். ஏழுமலையும் காசியும் வெள்ளையனும் தரையில் நிற்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பாறையிலிருந்து கலைச்செல்விக்குப் போன் செய்தேன். கரண்ட் வந்தது.

அலமேலுவின் செருப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வாசலில் கூட்டம் நின்றது. நாங்கள் பள்ளத்தில் இருந்தபோதே பெரியவர் போய்விட்டிருந்தார். மின்சாரம் இல்லாதபோது மெஷினின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. அதனால் கரண்ட் வந்ததும் அது தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது. நான் உள்ளே எட்டிப் பார்த்தபோதும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்த அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அலமேலு வெளியே வந்தார். செருப்பைக் கீழே வைத்தேன்.

"ஆளு இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"இருந்தாரும்மா. கம்பியப் புடிச்சிக்கினு குந்தியிருந்தாரு."

தலையை ஆட்டினார். "எங்கப்பாவும் ஆளுதானங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் கைதட்டுவார்கள். அதற்காக எழுதவில்லை. அன்றைக்கு நான் செய்தது சரி. அதை இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுதான் கஷ்டம். சரியானதைச் செய்தால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். உங்களோடு இருக்கிற ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால், அவர் ஏன் போனார் எங்கே போனார் என்பதை ஊர் பார்த்துக்கொள்ளும், போலீஸ் பார்த்துக்கொள்ளும். நீங்கள் அவர் கடைசியாகத் தொட்ட வேலையைத் தேடிப் போங்கள். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று அங்கே எங்கேயோ உட்கார்ந்திருக்கும். அதற்கு உங்கள் பெயரும் தெரியாது, நீங்கள் அதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா என்பதும் தெரியாது.

சாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் சின்னசேலத்தில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, நைனார்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்தார். பாதி ஆளாகியிருந்தார். ஏழுமலை அங்கே இருந்திருந்தால் அடித்திருப்பான். எனக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே வாங்க என்றுதான் வாயில் வந்தது.

அன்றைக்கு வெள்ளையனை ஏற்றிவிட்டு ரோட்டோரம் வந்திருக்கிறார். அங்கே கொஞ்சம் டவர் கிடைத்ததும் போன் வந்திருக்கிறது. குழந்தைக்கு வலிப்பு, கண் திறக்கவில்லை, உடனே வா என்று மனைவி அலறியிருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து லாரி வந்திருக்கிறது.

"எனக்கு அந்த ஆள் நெனப்பே வரல அண்ணாச்சி. ஆத்தூர்ல எறங்குனதும், மலை பூரா இருட்டுல கெடக்கே, என் பேர்ல லைன் கிளியர் இருக்கேன்னு மட்டும்தான் நெனப்பு வந்துச்சு. நல்லது செய்றதா நெனச்சுத்தான் போன் பண்ணேன்."

அதுதான் என்னை இன்றைக்கும் பயமுறுத்துகிறது. அவர் பொறுப்பில்லாதவராக இருந்திருந்தால் போனே செய்திருக்க மாட்டார், வெள்ளையனுக்கு ஆபத்தும் இருந்திருக்காது. அந்த அவதியிலும் கடமையை நினைத்துப் போன் செய்தார். அந்தப் போன்தான் ஒரு மனிதனைக் கொன்றிருக்கும்.

வெள்ளையனைப் பார்க்க வேண்டும் என்றார். பைக்கில் மலைக்கு அழைத்துப் போனேன். வெள்ளையன் இவரைப் பார்த்ததும், இன்னா சார், அன்னிக்கு உட்டுட்டுப் போய்ட்டீங்களே என்று சிரித்தார். அவ்வளவுதான். சார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, உங்க பேர் என்ன என்று கேட்டார். அன்றைக்கு மரத்தில் ஏற்றும்போது கேட்டிருக்கவில்லை.

திரும்புகிற வழியில் பின்னாலிருந்து கேட்டார். "அன்னைக்கு வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலியே அண்ணாச்சி?"

வண்டியை நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட எனக்கு ஆசையாக இருந்தது. ஏற்கெனவே பாதியாகிப் போன மனிதர். ஆனால் அந்தப் பெரியவரின் சாவை நான் ஒருவன் மட்டும் சுமந்துகொண்டு, அவர் எதுவும் தெரியாமலேயே, நாளைக்கு வேலை திரும்பக் கிடைத்து இன்னொரு பிரிவில் போய் நாற்காலியில் உட்கார்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சொன்னேன். அவர் வண்டியிலிருந்து இறங்கி ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார். பிறகு, அவங்க வீடு எங்க என்று கேட்டார்.

அலமேலு வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். இவர்தான் அந்த சார் என்றேன். லாரிக்காரர் மூலம் குழந்தை விஷயம் மலை முழுக்கத் தெரிந்திருந்தது. சார் கையைக் கூப்பியபடி நின்றார். அலமேலு அவரை மேலும் கீழும் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"கொழந்த எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குங்க" என்றார் சார்.

"வூட்ல வெச்சிதான் பாக்கறீங்களா?"

"ஆமாங்க."

"கரண்டுல ஓடற மெஷினு எதுனா வெச்சிருக்காங்களா அதுக்கு?"

"இல்லைங்க. மருந்து மட்டும்தான்."

"அப்ப செரி" என்றார் அலமேலு. மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டு கிழங்கை உரிக்க ஆரம்பித்தார்.